இரண்டாவது ஒப்பரேஷன்: எதைச் சரிசெய்யப் போகிறோம்?

அக்கா மூன்று தலையணை வைத்துத் தூங்க ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. கழுத்து வலியாக்கும் என்று வீட்டில் விட்டுவிட்டோம். எல்லோருடைய கண்ணும் தராசில்தான் இருந்தது. 118 கிலோவாக இருந்தவர், நிறை குறைக்க இரைப்பையை ஒடுக்கும் ஸ்லீவ் சத்திரசிகிச்சை செய்து ஒன்றரை வருடத்தில் 78க்கு இறங்கினார். அது நடந்து ஆறு வருடம். இப்போது 91. போன தீபாவளி லீவில் ஹட்டன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டார்: "இன்னொரு தடவ செஞ்சிக்கலாமா தம்பி? பைபாஸ்னு ஒன்னு இருக்காமே."

நான் டொக்டர் இல்லை. முதல் ஒப்பரேஷனுக்குக் கூடப் போனவன், கிளினிக் வரிசையில் அவருக்காக நம்பர் எடுத்தவன், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்ச் சேர்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலையகத்தில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் கொஞ்சப்பேர். ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் உழைத்துவிட்டுத் திரும்பியவர்கள். இரத்தச்சோகையையும் நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகளையும் பற்றியே பேசிப் பழகிய இடத்தில், உடற்பருமனை ஒரு நோய் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இரண்டும் இப்போது ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. குறைந்த நிறையோடு பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சீனி வருத்தம் வரும் வாய்ப்புக் கூட என்பதை மருத்துவ உலகம் பல காலமாகச் சொல்லிவருகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். "இரண்டாவது ஒப்பரேஷன்" என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன. முதலில் செய்ததில் வந்த பழுதைச் சரிப்படுத்துவது ஒன்று: ஒடுக்கிய இரைப்பைக் குழாய் ஓரிடத்தில் சுருங்கிப்போயிருக்கலாம், சாப்பாட்டைக் குறைக்க இரைப்பையைச் சுற்றிக் கட்டிய பட்டி நழுவியிருக்கலாம். ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றுவது மற்றொன்று. செய்ததைக் கழற்றி முடிந்த அளவு பழையபடி ஆக்குவது மூன்றாவது. பட்டி இரைப்பையை அரித்து உள்ளே போய்விட்டது என்றால் அங்கே யோசிக்க ஒன்றுமில்லை, எடுத்தே ஆகவேண்டும். நம்மைக் குழப்புவது நடுவில் இருப்பது. அக்கா கேட்டதும் அதைத்தான்.

ஸ்லீவ் என்பது இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல், ஏறக்குறைய 75 முதல் 80 வீதம் வரை, நெடுக்காக வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விடுவது. இடம் சிறிதாவதோடு, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் அதிகமாகச் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடும். எடுத்தது எடுத்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. பைபாஸ் வேறு விதம். இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லிலீட்டர் கொள்ளும் சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதி ஒன்றோடு நேரே இணைத்துவிடுவார்கள். மிச்ச இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு மட்டும் அந்த வழியாகப் போகாது. 1960களில் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தொடங்கிவைத்த வழி இது. ஒரேயொரு இணைப்போடு முடிக்கும் மினி பைபாஸ் 1990களின் கடைசியில் வந்தது.

ஸ்லீவின் கதையில் பலருக்குத் தெரியாத ஒரு திருப்பம் உண்டு. அது தனிச் சிகிச்சையாகப் பிறந்ததே இல்லை. மிக அதிக நிறை உள்ளவர்களுக்கு நீண்ட, ஆபத்தான குடல் மாற்றுச் சத்திரசிகிச்சையை ஒரே மூச்சில் செய்ய முடியாமல் இரண்டாகப் பிரித்தார்கள். முதற்கட்டமாக இரைப்பையை மட்டும் ஒடுக்கி, நிறை கொஞ்சம் குறைந்தபின் குடலைத் தொடலாம் என்பது திட்டம். முதற்கட்டத்திலேயே சிலருக்குப் போதுமான பலன் கிடைத்ததால் அதுவே தனியாக நின்றுவிட்டது. இன்று உலகில் அதிகம் செய்யப்படுவது அதுதான். இதை அக்காவிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இரண்டாவது தடவை போய் நிற்பது தன்னுடைய தோல்வி என்றே அதுவரை நினைத்திருக்கிறார்.

அந்தத் தோல்விக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். நாம் எல்லோரும் எங்கிருந்து அளக்கிறோம்? மிகக் குறைந்திருந்த நாளிலிருந்து. அக்காவுக்கு அது சின்னம்மா மகள் கல்யாணத்தில் எடுத்த படம். அதில் 78 கிலோ. அங்கிருந்து பார்த்தால் 13 கிலோ ஏறிவிட்டது, பயம் வரும். தொடங்கிய 118இலிருந்து பார்த்தால் இன்னமும் 27 கிலோ குறைவு, அதாவது கிட்டத்தட்ட 23 வீதம். 1987இல் சுவீடனில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 வீதம் நிறை இழந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 25 வீதமாக நின்றது. கீழே போய்விட்டு மேலே கொஞ்சம் திரும்புவதுதான் இந்தச் சிகிச்சையின் வழக்கமான பாதை. நிறை குறைந்த உடம்பு எரிக்கும் சக்தியும் குறைகிறது, பசி மெல்லத் திரும்புகிறது, குழாயும் காலப்போக்கில் சற்று விரிகிறது. "வாயக் கட்டல" என்று பக்கத்து வீட்டார் சொல்வதில் இந்த உடலியல் எதுவும் இருப்பதில்லை.

அப்படியானால் ஏறினால் ஏறட்டும் என்று விடலாமா? அதுவும் இல்லை. 158 சென்ரிமீட்டர் உயரத்துக்கு 91 கிலோ என்றால் உடல் நிறைச் சுட்டி 36ஐத் தாண்டுகிறது. 2022இல் சர்வதேசச் சத்திரசிகிச்சைச் சங்கங்கள் திருத்திய வழிகாட்டலில், 35க்கு மேற்பட்டவருக்கு வேறு நோய் இல்லாவிட்டாலும் சத்திரசிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். ஆசியர்களுக்கு 27.5 என்ற அளவிலிருந்தே யோசிக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே இலக்கத்தை மட்டும் பார்த்தால் "செய்யலாம்" என்று சொல்லும் டொக்டர் கிடைப்பார். எனக்கு அது போதுமான காரணமாகப் படவில்லை. முதல்தடவை இலக்கம் பார்த்துச் செய்தோம். இரண்டாவது தடவை எது கெட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துத்தான் செய்யவேண்டும்.

அதைப் பார்ப்பதற்குக் கத்தி தேவையில்லை. தைரொயிட் சோதனை ஒன்று. எடுக்கும் மருந்துகளின் பட்டியல் ஒன்று: இன்சுலின், ஸ்டீரொயிட், வலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோவேட், மனநலத்துக்கான சில மருந்துகள் எல்லாம் நிறையைக் கூட்டக்கூடியவை. ஒப்பரேஷனுக்குப் பின் இடையில் இவற்றில் ஏதாவது ஆரம்பித்ததா என்று யாராவது கேட்கவேண்டும். அப்புறம் சாப்பாடு. இங்கேதான் நம்முடைய ஊர் உள்ளே வருகிறது.

ஒடுங்கிய இரைப்பை திடமான சாப்பாட்டை நிறுத்தும், தண்ணீர் போல ஓடுவதை நிறுத்தாது. ஒரு கோப்பை பிளேன் டீக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 8, 10 கிராம். மலைக்குளிரில் ஒரு நாளைக்கு ஆறு கோப்பை என்பது யாருக்கும் பெரிய கணக்கில்லை. அது ஏறக்குறைய 200 கலோரி, ஒரு துளி பசியும் அடங்காமல். அக்காவுக்கு இது ஸ்டாஃப் ரூம் தேத்தண்ணி, வீட்டுக்கு யார் வந்தாலும் ஊற்றும் தேத்தண்ணி, மாலையில் கொப்பி திருத்தும்போது ஒன்று என்று போயிருந்தது. "நான் ஒன்னும் திங்கலயே" என்று அவர் சொன்னது பொய்யே இல்லை. கூடவே கோதுமை மா ரொட்டி. ஒரு ரொட்டி முழுதாகச் சாப்பிட முடியாது என்பதால் கால் கால் துண்டாகக் கட்டச்சம்பலோடு நாள் முழுக்கக் கடிப்பது. குறைந்த அளவில் வயிறு நிறையவேண்டும் என்பதற்காகச் செய்த ஒப்பரேஷனை இந்தக் கொறிப்பு சுற்றிக்கொண்டு போய்விடும்.

மாறாகப் புரதம் குறைந்துபோகும். இந்தச் சிகிச்சை செய்தவர்களுக்கு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். சோயாமீட் 50 கிராம் காய்ந்த நிறையில் எடுத்தால் 25 கிராம் கிடைக்கும். பருப்பு, கடலை, நெத்தலி, தயிர் என்று கூட்டிக்கொண்டு போனால் மலையகக் குசினியில் இருப்பதைக்கொண்டே 60ஐ எட்டலாம். ரொட்டியை முதலில் சாப்பிட்டால் மற்றதற்கு இடம் இருக்காது, விஷயம் அவ்வளவுதான். இவ்வளவையும் மூன்று, நான்கு மாதம் ஒழுங்காகச் செய்துபார்க்காமல் "ஸ்லீவ் விரிந்துவிட்டது, மாற்றவேண்டும்" என்ற முடிவுக்கு வருவது அவசரம் என்று நினைக்கிறேன். இதைச் சொல்வதற்கு நம்மூர்க் கிளினிக்கில் ஊட்டச்சத்து ஆலோசகரோடு தமிழில் அரை மணி நேரம் பேசக் கிடைப்பதே அரிது. அக்காவுக்கு முதல் வருடத்தில் கொடுத்த சாப்பாட்டுத் தாளில் ரொட்டி என்ற சொல்லே இல்லை.

தலையணைகள்

தராசை ஒரு பக்கம் வைத்துவிட்டு இப்போது அந்த மூன்று தலையணைக்கு வருகிறேன். கொழும்பில் பார்த்த டொக்டர் கேட்ட முதல் கேள்வி "எத்தனை கிலோ" என்பதாக இருக்கவில்லை. "இரவில் தொண்டைக்குப் புளித்தண்ணி வருகிறதா?" என்றார். அக்கா ஆமாம் என்றார். படுத்தால் இருமல், விடியற்காலையில் தொண்டை கரகரப்பு, அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது. பார்மசியில் தானாக வாங்கி இரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஸ்லீவுக்குப் பின் அமிலம் மேலேறுவது தற்செயல் அல்ல. ஒடுங்கிய குழாயினுள் அழுத்தம் அதிகம். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இயற்கையாக இருந்த மடிப்பும் வெட்டும்போது கலைந்துபோகலாம். உதரவிதானத்து ஓட்டை வழியாக இரைப்பையின் மேல்முனை நெஞ்சுக்குள் ஏறியிருந்தால் (இதைத்தான் ஹேர்னியா என்பார்கள்) இன்னும் மோசம். பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் பத்து வருடம் ஒப்பிட்ட ஆய்வில், ஸ்லீவ் செய்தவர்களில் 31 வீதத்தினருக்கு உணவுக்குழாய் அழற்சி காணப்பட்டது, பைபாஸ் செய்தவர்களில் 7 வீதம். இத்தனைக்கும் பலர் நெஞ்செரிவே இல்லை என்பார்கள். அதனால்தான் ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஒரு வருடத்தில், வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்க்கும் எண்டொஸ்கொபி ஒன்றும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் செய்துபார்க்கச் சர்வதேசச் சங்கம் சொல்கிறது. நீண்டகாலம் அமிலம் பட்டுப்பட்டு உணவுக்குழாயின் உட்சவ்வு மாறத் தொடங்கினால், மிகச் சிலருக்கு அது புற்றுநோய் வரை போகக்கூடும். அக்காவுக்கு ஆறு வருடத்தில் ஒரு எண்டொஸ்கொபிகூட நடக்கவில்லை.

மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு வலுவான காரணம் இங்கேதான் இருக்கிறது. மாத்திரைக்கு அடங்காத, எண்டொஸ்கொபியில் கண்ணுக்குத் தெரியும் புண்ணோடு கூடிய அமிலத் தொல்லை இருந்தால், ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது பெரும்பாலானோருக்கு அதை அடக்குகிறது. அதற்கும் இரண்டு இணைப்புள்ள பழைய முறை பைபாஸ்தான் பொருத்தம். ஒற்றை இணைப்பு மினி பைபாஸில் பித்தநீர் மேலேறும் வாய்ப்பு இருப்பதால், அமிலத்துக்கு வைத்தியம் பார்க்கப்போய்ப் பித்தத்தை வாங்கிக்கொண்டு வரக்கூடாது. "மினி" என்றால் சின்னது, லேசானது என்று நினைத்து அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயர் நோயாளியை ஏமாற்றும் பெயர்.

நிறைக்காக மட்டும் என்றால் கணக்கு வேறு. ஸ்லீவிலிருந்து பைபாஸுக்குப் போகிறவர்கள் முதல்தடவை போல 40 கிலோ குறையும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவார்கள். கிரெலின் சுரக்கும் பகுதி ஏற்கனவே போய்விட்டது, வயிறு ஏற்கனவே சிறிது, மாற்றம் வருவதற்கு மிச்சம் இருக்கும் இடம் குறைவு. இன்னும் நீளமாகக் குடலைச் சுற்றிவிடும் வகைகளும் உண்டு. 2007இல் மட்ரிட்டில் முதன்முதலில் செய்யப்பட்ட சாடி (SADI) என்ற முறை அப்படியானது. நிறை அதில் கூடுதலாகக் குறையும். அதற்கு ஈடாக அடிக்கடி வயிற்றுப்போக்கு, புரதக் குறைவு, கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே விட்டமின்களின் குறைவு. ஒரு இரத்தப் பரிசோதனைக்கே பஸ் ஏறவேண்டிய ஊரில் இருந்துகொண்டு இந்த முறையைத் தேர்ந்தெடுக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஊசி மருந்துகளையும் இந்த இடத்தில்தான் வைத்துப் பார்க்கவேண்டும். லிராகுளூடைட், செமாகுளூடைட், டிர்செபடைட் ஆகியவை பசியையும் இரைப்பை காலியாகும் வேகத்தையும் குறைப்பவை. சத்திரசிகிச்சைக்குப் பின் போதிய பலன் கிடைக்காதவர்களுக்கு லிராகுளூடைட் கொடுத்துப் பார்த்த ஒரு பிரித்தானிய ஆய்வில், 24 வாரத்தில் சராசரியாக 9 வீதமளவு நிறை குறைந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு அரை வீதம். பழுது எதுவும் இல்லை, நிறை மட்டும் ஏறியிருக்கிறது என்பவர் கத்திக்கு முன் இதைக் கேட்டுப் பார்ப்பது நியாயம். ஆனால் நிறுத்தினால் திரும்பும். செமாகுளூடைட் நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வில் கண்டார்கள். அதாவது மாதாமாதம் வாங்கவேண்டிய செலவு. விலை குறைவாக வெளியில் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். செமாகுளூடைட்டின் பெயரில் போலி ஊசிகள் நடமாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் எச்சரித்திருக்கிறது.

ஹட்டனிலிருந்து எவ்வளவு தூரம்

திரும்ப வெட்டுவது முதல்தடவையை விடச் சிக்கலானது. உள்ளே தழும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். ஏற்கனவே ஸ்டேப்ளர் பின் அடித்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை ஸ்டேப்ளர் பின் அடிக்கவேண்டும், அங்கே இரத்த ஓட்டமும் குறைவு. இணைப்பு கசிவதற்கும் இரத்தம் கசிவதற்கும் வாய்ப்பு முதல்தடவையை விடக் கூட. கசிவு பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். காய்ச்சலுக்கு முன்பே நாடித்துடிப்பு எகிறும், இடது தோளில் வலி தெரியலாம், வயிறு அவ்வளவாக நோகாமலும் இருக்கலாம். ஆகவே டிஸ்சார்ஜ் பண்ணிய அன்றே வேன் பிடித்து ஊருக்கு ஏறுவது கூடாது. கொழும்பில் கடையில் நிற்கும் தம்பியோ வத்தளையில் இருக்கும் மாமாவோ நம் எல்லோருக்கும் இருக்கிறார்கள். இரண்டு வாரம் அங்கே தங்கும் ஏற்பாடு இல்லாமல் திகதி வாங்கவேண்டாம்.

இரண்டு வாரத்தோடு தூரம் முடிவதில்லை. பைபாஸுக்குப் பின் குடல்களுக்கு இடையில் உண்டாகும் இடைவெளிக்குள், மாதங்களோ வருடங்களோ கழித்து, குடல் நழுவி மாட்டிக்கொள்ளலாம். திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வரும். எக்ஸ்ரே சாதாரணமாகவே தெரியக்கூடும். சி.டி. ஸ்கேனும் விஷயம் தெரிந்த சத்திரசிகிச்சை நிபுணரும் சில மணி நேரத்துக்குள் வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் கேஸ்ட்ரிக் வலி என்று ஊசி போட்டு அனுப்பினால் நேரம் போய்விடும். 2025 நவம்பரில் டித்வா புயலுக்குள் நம் பாதைகள் நாட்கணக்கில் அறுந்து கிடந்ததைப் பார்த்த பிறகு, "ஏதாவது என்றால் உடனே கொழும்புக்குப் போய்விடலாம்" என்ற பேச்சை நான் நம்புவதில்லை. கண்டியிலோ நுவரெலியாவிலோ உள்ள பெரியாஸ்பத்திரியில் காட்டும்போது கையில் கொடுக்க, என்ன செய்யப்பட்டிருக்கிறது என்று படத்தோடு ஒரு தாள் சட்டைப்பையில் இருக்கவேண்டும்.

அந்தத் தாளில் இன்னொரு வரியும் எழுதிவைக்கச் சொல்வேன். இந்தச் சத்திரசிகிச்சை செய்தவர் பல நாள் வாந்தி எடுத்தால் தயமின் என்ற பி1 விட்டமின் வேகமாகத் தீர்ந்துபோகும். உடம்பில் அதன் இருப்பே இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்: கண் ஆடும், நடை தள்ளாடும், ஆள் தடுமாறிப் பேசுவார். வாந்தி என்று போனால் சேலைன் போடுவதுதான் எங்கும் வழக்கம். "முதலில் தயமின்" என்று ஒரு வரி இருந்தால் டியூட்டி டொக்டருக்கும் உதவி.

மற்றவை சுருக்கமாக. முழங்கால் வலி, இடுப்பு வலி என்று டைக்ளோபெனக் வாங்கிப் போடும் பழக்கம் பைபாஸுக்குப் பின் கூடாது, இணைப்பில் புண் வரும். பீடி, சிகரட்டுக்கும் அதே கதை. சாராயம் சட்டென்று தலைக்கேறும், அளவு மீறிப் பழகிவிடும் ஆபத்தும் கூடும். கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், பிள்ளை பெற நினைப்பவர்கள் 12 முதல் 18 மாதம் பொறுக்கவேண்டும். இனிப்புத் தேத்தண்ணி குடித்தால் படபடப்பும் வியர்வையும் வந்து படுக்கவைக்கும். கொழுந்துக் கூடை தூக்குகிறவருக்கு நான்கு, ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது என்றால், அத்தனை நாள் சம்பளம் இல்லை என்று அர்த்தம். அக்கா ஆசிரியை, அவருக்கு லீவு இருக்கிறது.

இரும்பும் தேயிலையும்

எனக்கு எல்லாவற்றையும் விடக் கனமாகத் தெரிந்தது இரும்புச்சத்துதான். நாம் சாப்பிடும் இரும்பு பெரும்பாலும் முன்சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. பைபாஸில் சாப்பாடு அந்தப் பகுதியைத் தொடாமலே போய்விடும். இரும்பு கரைய அமிலம் வேண்டும், ஸ்லீவினால் அது குறைந்திருக்கும், ஒமெப்ரசோல் மிச்சத்தையும் குறைக்கும். இவ்வளவுக்கும் மேல் தேத்தண்ணி. தேயிலைச் சாயத்தில் உள்ள டெனின்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்புக்குள் விடாது. சாப்பிட்ட கையோடு சாயம் குடிப்பது நம் ஊர்ப் பழக்கம். ஏற்கனவே இரத்தச்சோகை அதிகமுள்ள பெண்கள் மத்தியில், மாதவிடாய் நிற்காத ஒருவருக்கு பைபாஸ் செய்வதென்றால், இந்த நான்கும் ஒன்றாக வந்து நிற்கும். தேயிலையால் வாழ்கிற ஊரில் இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

பைபாஸ் செய்த பெண்ணுக்கு வழிகாட்டல்கள் சொல்வது நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு. கல்சியம் 1,200 முதல் 1,500 மில்லிகிராம். அதுவும் அமிலம் குறைந்த வயிற்றுக்கு கார்பனேட்டை விட சிட்ரேட் வகைதான் நல்லது. இரும்பையும் கல்சியத்தையும் சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி. பி12 மாத்திரையாக அன்றாடம் அல்லது மாதம் ஒரு ஊசி. விட்டமின் டி. இவற்றில் சிலது அரச ஆஸ்பத்திரியில் கிடைக்காத நாளில் பார்மசியில் சொந்தக் காசுக்குத்தான். தோட்ட நாட்சம்பளம் 2024இல் உயர்த்தியபோதே 1,350 ரூபாவாகத்தான் இருந்தது. ஒப்பரேஷன் அரச போதனா வைத்தியசாலையில் இலவசமாகவே நடந்தாலும், அதற்குப் பிந்திய மாத்திரைச் செலவு சாகும்வரை இருக்கும். முதலில் செய்த ஸ்லீவுக்கே மாத்திரையை இரண்டாம் வருடத்தோடு நிறுத்தியவர் பைபாஸுக்குப் போகலாமா என்று கேட்டால், முதலில் ஆறு மாதம் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக் காட்டுங்கள் என்பேன். அக்காவும் நிறுத்தியவர்தான்.

டொக்டரிடம் போகும்போது பழைய டயக்னோசிஸ் கார்ட் மட்டும் போதாது. அதில் செய்த ஒப்பரேஷனின் பெயர் ஒற்றை வரியில் இருக்கும். வெட்டும்போது அளவுக்காக உள்ளே வைத்த குழாய் எவ்வளவு பெரியது, அப்போது ஹேர்னியா இருந்ததா என்பதெல்லாம் ஒப்பரேஷன் குறிப்பில்தான் இருக்கும். அதை முதல் ஆஸ்பத்திரியில் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். அக்காவுக்கு அது கிடைக்க மூன்று தடவை போகவேண்டியிருந்தது. பிறகு இரண்டு கேள்விகள்: மாற்றுச் சத்திரசிகிச்சை எத்தனை செய்திருக்கிறீர்கள், இப்போது ஒன்றும் செய்யாமல் விட்டால் எனக்கு என்ன ஆகும்? இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த பதிலில்தான் எங்களுக்கு விஷயம் தெளிந்தது.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல்தடவை அக்கா கையெழுத்திட்டது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்த தாளில். தமிழ் ஆட்சிமொழி என்று 1987இன் 13ஆவது திருத்தம் சொல்லிப் பல வருடம். தமிழ்ப் படிவம் கேட்டால் "தீர்ந்துபோய்விட்டது" என்றார்கள். ஸ்லீவை ஒருபோதும் திரும்ப ஆக்க முடியாது என்பது அதில் எழுதியிருந்ததாம். ஆறு வருடம் கழித்துத்தான் அக்காவுக்கு அது தெரிந்தது. இரண்டாவது தடவைக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அது வீட்டுப் பிள்ளையாக இல்லாமல் இருப்பது நல்லது. நான் மொழிபெயர்த்தபோது பயப்படுத்தும் பகுதிகளை மெதுவாக்கிச் சொல்லியிருக்கிறேன் என்று பிறகு உணர்ந்தேன்.

எண்டொஸ்கொபியில் அக்காவுக்கு உணவுக்குழாயில் ஆழமான புண்கள் தெரிந்தன, சின்ன ஹேர்னியாவும் இருந்தது. குழாய் விரியவில்லை. நிறை ஏறியதற்குக் காரணம் இரைப்பையில் இல்லை என்று டொக்டர் சொன்னபோது அவர் அழுதுவிட்டார், எதற்கென்று நான் கேட்கவில்லை. சீனியில்லாத் தேத்தண்ணியும் முட்டையுமாக மூன்று மாதத்தில் 4 கிலோ குறைந்தது. புண்கள் கூடுதல் மாத்திரைக்கும் முழுதாக ஆறவில்லை. ஆகவே பைபாஸ் செய்வதென்று முடிவாகியிருக்கிறது, நிறைக்காக இல்லை.

திகதி மட்டும் இன்னும் தரவில்லை. உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9இல் இருக்கிறது. அது ஏறாமல் மேசையில் ஏற்றமாட்டேன் என்கிறார் டொக்டர். பள்ளிக்கூட இடைவேளையில், ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் தேத்தண்ணி ஊற்றிக்கொள்ளும் நேரத்தில், அக்கா வெறும் தண்ணியோடு இரும்பு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். அடுத்த இரத்தப் பரிசோதனை சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு. "காலையில எந்திரிச்சதும் குடிக்கிற சாயத்தையுமா விடணும்?" என்று நேற்றும் போனில் கேட்டார்.